யூனிட்டுக்கு எட்டு ரூபாய்

கரண்ட் பில்லைக் குறைப்பது பற்றி உறையூரில் எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எந்த ஃபேன் வாங்கலாம், ஃபிரிட்ஜை எந்தச் சுவரோரம் வைக்கலாம், இந்த முறை பில் ஏன் இப்படி எகிறியது என்று வாசலிலேயே நின்று கேட்பார்கள். மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். ஸ்லாப், வாட், யூனிட் எல்லாம் மனப்பாடம். சளைக்காமல் சொல்லி அனுப்புவேன். என் வீட்டு பில்லை மட்டும் நான் எப்படிக் குறைத்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மாடியில் குடியிருந்தவர்கள் பணத்தில் குறைத்தேன்.

கீழே நானும் மனைவியும். மேலே ஒரு போர்ஷன். தனிப் படிக்கட்டு, தனிச் சமையலறை, எல்லாம் தனி. ஈபி சர்வீஸ் மட்டும் ஒன்று. மாடிக்கு எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய ஒரு சப் மீட்டரை மாட்டியிருந்தேன். கொரோனாவுக்கு முந்தின வருஷம் ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். அவன் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவள் வீட்டிலிருந்தபடி ஜாக்கெட் தைப்பாள். ஒரு பையன், யுகேஜி. வாடகை பேசும்போதே, “கரண்ட் யூனிட்டுக்கு ஏழு ரூபாய், தம்பி” என்றேன். “சரிங்க சார்” என்றான். எந்த ஊரிலும் ஹவுஸ் ஓனர்கள் வாங்குகிற ரேட்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் உயர்ந்ததும் அதைக் காட்டி எட்டாக்கினேன். அதற்கும் “சரிங்க சார்” என்றான்.

அந்த எட்டு ரூபாய் என்ன செய்தது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2022 கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. எங்கள் வீட்டில் வழக்கமான ஒரு பில் 500-ஐ ஒட்டியே வரும். அதில் கீழே 340, மேலே 160. ஈபிக்குக் கட்ட வேண்டியது 1,725 ரூபாய். மாடியிலிருந்து எனக்கு வருவது 160 எட்டு, 1,280 ரூபாய். மிச்சம் 445 ரூபாயை நான் போட்டுக் கட்டுவேன். அதாவது 340 யூனிட் எரித்தவன் 445. 160 யூனிட் எரித்தவர்கள் 1,280.

மாடிக்குத் தனி சர்வீஸ் இருந்திருந்தால்? 160-இல் 100 இலவசம். மீதி 60 யூனிட்டுக்கு 135 ரூபாய். கீழே எனக்கு 855. இரண்டும் சேர்த்தே 990-தான். ஒரே மீட்டரில் 1,725 ஆவது இரண்டு மீட்டரில் 990 ஆகிறது. ஏசியை அணைக்க வேண்டாம், ஒரு பல்பைக்கூட மாற்ற வேண்டாம். எங்கள் கட்டடத்தில் செய்யக்கூடிய சிக்கனங்களிலேயே பெரியது இதுதான் என்று முதல் வருஷமே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்கலாம் என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சிக்கனத்தில் மாடிக்கு 1,145 ரூபாய் லாபம். எனக்கு 410 ரூபாய் நஷ்டம். அதனால் பேசாமல் இருந்தேன். தெருவில் வருகிறவனுக்கெல்லாம் யோசனை சொன்னவன், என் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கியவனுக்கு இந்த ஒன்றைச் சொல்லவில்லை.

அவர்களுக்குச் சிக்கனம் சொல்லாமல் இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. நிறையச் சொன்னேன். அதற்கும் காரணம் ஸ்லாப்தான்.

500-க்கும் 501-க்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. 2022-க்கு முந்தின கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,786. பழைய யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் மாறிவிடும். 2022 கட்டணத்தில் அந்தப் பள்ளம் சுருங்கியது என்றாலும் 1,725-க்கு அடுத்த யூனிட் 1,958-இல்தான் கொண்டுபோய் விடும். இதனால் ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரம் நெருங்கினால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. காலையில் டார்ச்சோடு மீட்டர் பெட்டியைத் திறப்பேன். 470, 480 என்று பார்த்துவிட்டால் மாடிப்படி ஏறுவேன்.

“ஏம்மா, கிரைண்டரை ஒரு நாலு நாள் தள்ளிப் போடக்கூடாதா? அயர்ன் பாக்ஸைத் தினமும் போடாதீங்க, வாரத் துணியைச் சேர்த்து ஒரே தடவையா தேய்ங்க. பையன் ரூம்ல லைட் எரியுது பாருங்க.”

“சரிங்க சார், பாத்துக்கறோம் சார்.”

கிரைண்டர். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் இருக்கும். அரை மணி நேரம் மாவாட்டினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மிக்ஸி 500, 750 வாட் என்று மிரட்டும். ஆனால் சட்னிக்கு ஓடுவது ஐந்து நிமிஷம். சத்தம் போடுகிற சாமான் எல்லாம் கரண்டைத் தின்னும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்று தெருவில் நானே சிரித்திருக்கிறேன். கரண்டைத் தின்பது சத்தமில்லாமல் பல மணி நேரம் ஓடுகிறதுதான்: ஃபேன், ஃபிரிட்ஜ், அணைக்காத செட்டாப் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஏசி. எங்கள் கட்டடத்தில் ஏசி ஒன்றுதான். அது என் படுக்கையறையில் இருந்தது. ஒன்றரை டன், பழசு, இன்வெர்ட்டர் வகை இல்லை. 20-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு படுப்பேன். குளிர்ந்த அறையில் போர்வைக்குள் கிடப்பதில் ஒரு சுகம் உண்டு, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கோடையில் திருச்சி வெயிலுக்கு அது ராத்திரி முழுக்க ஓடி, பில் 500-ஐத் தாண்டிவிடும். தாண்ட வைத்தது என் ஏசி. தாண்டியதற்காக அந்த பில்லில் மாடியிடம் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்கினேன்.

தையல் மிஷின் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பங்குனியில் அவள் தன் மிதி மிஷினுக்கு மோட்டார் வைத்தாள். கல்யாண முகூர்த்த சீசன், ஜாக்கெட் நிறைய வந்திருந்தது. காலால் மிதித்து முட்டி வலி என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். கை அகலத்துக்கு ஒரு கறுப்பு மோட்டார், காலுக்குக் கீழே ஒரு பெடல், அவ்வளவுதான். மேலிருந்து ‘விர்ர்’ என்று சத்தம் வந்ததும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. எத்தனை வாட் இருக்கும் என்று பார்க்க ஒரு வழி தெரியும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், எங்களுடையதில் 3200. வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு சாமானை மட்டும் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினால், அது எவ்வளவு இழுக்கிறது என்று பிடித்துவிடலாம். இந்த வித்தையைத் தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவன் நான்.

பகலில், கீழே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மேலே அவள் தைக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். விளக்கு ஒருமுறை சிமிட்டும். பிறகு சும்மா இருக்கும். அடுத்த சிமிட்டல் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஐந்து தேறியது. நூறு வாட்டுக்குள்தான். அன்று ராத்திரி என் ஏசி ஓடும்போதும் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை எண்ண முடியவில்லை. விநாடிக்கு ஒன்றுக்கும் மேல் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அவள் தைத்தால், ஒரு கோடை ராத்திரியில் என் ஏசி தின்கிற கரண்டில் ஒரு மாதம் தைக்கலாம் என்று மனசுக்குள் கணக்கும் ஓடிவிட்டது. மறுநாள் காலையில் மாடி ஏறினேன்.

“வீட்டு சர்வீஸ்ல தொழில் செய்யக் கூடாதும்மா. ஈபிகாரன் பார்த்தா என் பேர்லதான் வரும்.”

இது நான் பயன்படுத்தியதிலேயே கேவலமான வாக்கியம். அவள் வீட்டில் ஒரு மிஷினை வைத்து ஜாக்கெட் தைத்ததற்கு யாரும் என் பேரில் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். யூனிட் கணக்கைச் சொல்லித் தடுக்க முடியாது, அந்தக் கணக்கு என் ஏசியில் வந்து முடியும். அதனால் பயத்தைக் கையில் எடுத்தேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேலும் தலைக்கு மேலே மிதி மிஷின் ‘டக டக’ என்று ஓடும். ஏசிக்காகக் கதவைச் சாத்தியிருந்ததால் எனக்கு அவ்வளவாகக் கேட்காது. ஹாலில் சீரியல் பார்த்துவிட்டு வருகிற என் மனைவி, “அந்தப் பொண்ணு இன்னும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு” என்பாள். “படு, லைட்டை அணை” என்பேன்.

அந்த மோட்டார் ஒரு பில்லுக்கு 12 யூனிட் இழுத்திருக்கும். எட்டு ரூபாய்க் கணக்கில் 96 ரூபாய், 2022 கட்டணப்படி தனி மீட்டரில் 27. மாடியில் மொத்தமே 100 யூனிட்டுக்குள் நின்றிருந்தால் ஒன்றுமே இல்லை. இந்த இலவச 100 இருப்பதால் சிக்கனம் என்பது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி காசாவதில்லை. 90 யூனிட் எரிக்கிற வீட்டில் ஒரு லைட்டை அணைத்தால் நாட்டுக்கு நல்லது, பில்லில் ஒரு பைசா குறையாது. 600 எரிக்கிற வீட்டில் அதே லைட்டை அணைத்தால், 2022 கட்டணத்தில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம். நான் போய் அணைக்கச் சொன்னது முதல் வகைக்குப் பக்கத்தில் நின்ற வீட்டில்.

2023 கோடைக்கு முன்னால் அவர்கள் காலி செய்தார்கள். பையனுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும் என்றார்கள். அட்வான்ஸில் பெயின்ட் கூலி, உடைந்த பைப் டேப் எல்லாம் கழித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கேஸ் கனெக்‌ஷன் விலாசம் மாற்ற என்னிடம் ஒரு பேப்பர் வேண்டியிருந்தது. போகும்போது வாசலில் நின்று போனை எடுத்தான்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். புது வீட்ல மொத பில் வந்திருக்கு. தப்பாப் போட்டுட்டாங்களோன்னு பயமா இருக்கு சார். அப்புறம் மொத்தமா ஏத்திடுவாங்களா?”

போனை வாங்கிப் பார்த்தேன். 140 யூனிட். 90 ரூபாய்.

அவன் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். இந்த விஷயம் தெரிந்தவர் என்று நம்பி நிஜமாகவே சந்தேகம் கேட்க வந்திருந்தான். நாலு வருஷம் ஒரு பில்லுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்தவனுக்கு 90 ரூபாய் என்பது யாரோ செய்த தவறாகத்தான் தெரிந்திருக்கிறது.

“மொத பில்லுல அப்படித்தான் வரும் தம்பி. நாள் கணக்கு கம்மியா இருக்கும். போகப் போகச் சரியாயிடும்” என்றேன்.

“அதான் சார் நெனச்சேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு பதிலுக்காகத்தான். எட்டு ரூபாய் வாங்கியதைக்கூட ஊர் வழக்கம் என்று ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம். மோட்டாரைக் கழற்றச் சொன்னதை என் கஞ்சத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் சரியான பில்லோடு வந்து ‘இது சரியா’ என்று கேட்டவனிடம், ‘தப்பு’ என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்து ஆள் வைப்பதற்கு முன் மாடிக்குத் தனி சர்வீஸ் எழுதிப்போட்டேன். மனசு மாறித்தான் போட்டேன் என்று சொல்ல ஆசை. அதுமட்டும் காரணமில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதல் கேள்வியாக, “ஈபி தனியா, சப் மீட்டரா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சப் மீட்டர் என்றதும் இரண்டு குடும்பம் திரும்பிப் போனது. வீட்டு வரி ரசீது, போட்டோ என்று கொடுத்து, டெபாசிட் கட்டி, மாடிக்குத் தனி மீட்டர் வந்தது.

அதன் பிறகு என் பில் என் தலையில். முதல் பில் 855. கட்டும்போது வயிறு எரிந்தது. தெருவுக்கெல்லாம் சொன்ன யோசனைகளை என் வீட்டில் செய்து பார்க்கும் உத்தேசம் அந்த எரிச்சலில்தான் வந்தது. ஏசியை 26-க்கு ஏற்றி, கூடவே ஃபேனை மெதுவாக வைத்தேன். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்று நட்சத்திரக் குறியீடு தருகிற மத்திய அரசு அமைப்பே சொல்கிறது. 2020-லிருந்து வருகிற ஏசிகள் எடுத்த எடுப்பிலேயே 24-இல்தான் ஆன் ஆகும். போர்வையை மடித்துப் பரணில் போட்டாயிற்று. ஹாலிலும் படுக்கையறையிலும் 75 வாட் ஃபேனைக் கழற்றி 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். ஒரு ஃபேன் ஒரு பில்லுக்கு 30 யூனிட்டுக்கு மேல் குறைக்கிறது. ஃபேன் விலை மூவாயிரத்தைச் சுற்றி என்பதால் என் ஸ்லாபில் போட்ட காசு திரும்ப மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். 500-ஐத் தாண்டுகிற வீடாக இருந்தால் பாதி நாளில் திரும்பிவிடும். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைப்பதை விட்டுச் சுவிட்சில் அணைக்கிறோம். சும்மா கிடந்தே இரண்டு மாதத்தில் 15 யூனிட் வரைக்கும் தின்றுகொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன், பிடிமானமே இல்லாமல் வந்தது. கேஸ்கெட் மாற்றினேன். தண்ணீர் மோட்டாரின் ஃபுட் வால்வு ஒழுகிக்கொண்டிருந்ததால் தொட்டி நிறைய இரட்டிப்பு நேரம் பிடித்திருக்கிறது, அதுவும் வருஷக்கணக்கில்.

340 யூனிட் 230-க்கு இறங்கியது. பில் 360 ரூபாய். மாடிக்காரர்களிடம் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே என் பங்கு 445. இதைக் கண்டுபிடித்த அன்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “ஃபேன் வாங்கின காசு யாரோடது?” என்று கேட்டாள்.

அவளிடம் பதில் சொல்ல முடியாமல் பழைய நோட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு பில்லிலும் மாடி கட்டியதும், தனி மீட்டரில் கட்டியிருக்க வேண்டியதும், வித்தியாசமும். எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவன் என்பதால் ஒரு பில்கூட விட்டுப்போகவில்லை. மொத்தம் இருபத்தைந்தாயிரத்தைத் தொட்டது. திருப்பிக் கொடுக்கச் சொன்னாள் மனைவி. கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த 90 ரூபாய் பில்லுக்கு நான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் பாதி என்று முடிவு செய்தேன். போன் போட்டு, “தம்பி, பழைய நோட்டைப் பார்த்தேன், உங்க அட்வான்ஸ்ல கொஞ்சம் பாக்கி நின்னிருக்கு” என்றேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. “இந்தக் காலத்துல யாரு சார் இப்படித் தேடிக் குடுக்கறாங்க” என்றான். அவளும் போனை வாங்கி நன்றி சொன்னாள். மோட்டார் வைத்துத்தான் தைக்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. ஜிபேயில் அனுப்பியது எட்டாயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறில் பெயின்ட் கூலியையும் பைப் டேப்பையும் கழித்துக்கொண்டேன். அவர்கள் காலி செய்தபோது அட்வான்ஸில் ஒருமுறை கழித்த அதே கூலி, அதே டேப்.